கப்பல் பார்க்க நல்ல கரை

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் உல்லாசக் கப்பல் பார்க்கத் துறைமுகத்துக்கே போய் நிற்பவர்கள் உண்டு. அங்கே வேலியும் கிடங்குகளும்தான் பாதிக் கப்பலை மறைக்கும். முழுதாய்ப் பார்க்க வேண்டுமா? தெற்கே கால்ஷாட்டுக்குப் போங்கள்.

சவுத்தாம்ப்டன் வாட்டர் என்ற நீண்ட கடற்கழி சோலன்ட் நீரிணையோடு சேரும் இடம் அது. கடலில் நீண்டிருக்கும் கூழாங்கல் திட்டின் முனையில் எட்டாம் ஹென்றி 1540 வாக்கில் கோட்டை கட்டினார். எதிரிக் கப்பலும் இதைத் தாண்டித்தானே வந்தாக வேண்டும்! ஆழமான கப்பல் பாதை கரைக்கு அருகிலேயே போவதால், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று நகர்வது போலிருக்கும். அப்புறம் பிராம்பிள் மணல்மேட்டைச் சுற்றிக்கொண்டுதான் பெரிய கப்பல்கள் கிழக்கே திரும்பும். ஆகவே நெடுநேரம் கண்ணில் இருக்கும்.

மாலைப் புறப்பாடே விசேஷம். துறையை விட்ட கப்பல் இங்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து கப்பல்மேல் விழும். எதிர்க்கரையான வெஸ்டனில் அதே வெயில் கண்ணைக் குத்தும். படம் எடுப்பவர்கள் கவனிக்க.

கப்பல்தான் போய்விட்டதே என்று பிள்ளைகளை உடனே தண்ணீரோரம் விட்டுவிடாதீர்கள். அது கிளப்பிய அலை சற்றுத் தாமதித்துத்தான் கரைக்கு வரும்.