மரண விகிதமும் வயதமைப்பும்

ஒரு பிரதேசத்தில் ஓராண்டில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறக்கின்றனர் என்பதே மரண விகிதம் எனப்படும். இது குறைந்துள்ள இடத்தில் சுகாதாரம் சிறந்துள்ளது என்று கருதுவது வழக்கம். ஆனால் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டில் பீஹாரின் மரண விகிதம் 5.4, கேரளத்தினுடையது 7.0. எனினும், உயிருடன் பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை பீஹாரில் 27, கேரளத்தில் 6 மட்டுமே.

இம்முரண்பாட்டுக்குக் காரணம் வயதமைப்பு ஆகும். ஆயிரம் பேர் வீதம் வாழும் இரு கிராமங்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதற் கிராமத்தில் முதியோர் 200 பேர். அவர்களுள் 8 பேரும், ஏனைய 800 பேருள் 2 பேரும் ஓராண்டில் இறக்கின்றனர். இரண்டாவதில் முதியோர் 50 பேரே. அவர்களுள் 2 பேரும், ஏனைய 950 பேருள் 5 பேரும் இறக்கின்றனர். முதியோரிடையே மரணம் இரு கிராமங்களிலும் இருபத்தைந்துக்கு ஒன்றே. இளவயதினரிடையே இரண்டாவது கிராமத்தில் இரு மடங்குக்கு மேல்! ஆனால் மொத்த விகிதமோ முதற் கிராமத்தில் 10, இரண்டாவதில் 7. இதை மட்டும் நோக்கும் அதிகாரி, மருந்தையும் தாதியையும் வேண்டாத ஊருக்கு அனுப்பிவிடக் கூடும்.

வயதமைப்பு ஒரு தலைமுறையில் உருவாவதன்று. இன்றைய இந்தியாவின் எல்லைக்குள் 1911இல் 25.21 கோடியாக இருந்த ஜனத்தொகை, 1918ஆம் ஆண்டின் இன்புளுயன்ஸாக் கொள்ளைநோய்க்குப் பின் 1921இல் 25.13 கோடியாகக் குறைந்தது. அதன்பின் எந்தக் கணக்கெடுப்பிலும் தொகை குறையவில்லை, 1951இல் 36.11 கோடி, 2011இல் 121 கோடி. ஜனங்கள் முன்னைவிட மிகுதியாகப் பிள்ளை பெற்றதால் இவ்வாறு பெருகிற்று என்று பலரும் எண்ணுகின்றனர்; பாடம் நடத்துவோரும் சிலபோது அப்படியே கூறிவிடுகின்றனர். அது சரியன்று. மரண விகிதம் முதலில் வீழ்ந்தது. பிறப்பு விகிதம் காலந்தாழ்ந்தே இறங்கிற்று.

கேரளத்தில் அவ்விறக்கம் முந்தி நிகழ்ந்தமையால் அங்கு முதியோர் பங்கு அதிகம். பீஹாரில் 2019–21இலும் ஒரு பெண்ணுக்குச் சராசரி 3 குழந்தைகள். ஆகவே இளையோர் மிகுதி. இந்தியா முழுவதற்கும் அச்சராசரி 2.0 ஆகிவிட்டது. பெற்றோரின் இடத்தை நிரப்பத் தேவையானது சுமார் 2.1. அப்படியிருந்தும் தொகை உடனே நின்றுவிடுவதில்லை. முன்பு மிகுதியாகப் பிறந்த பெண்கள் இப்போது தாய்மைப் பருவத்தில் உள்ளனர். ஒவ்வொருவரும் இரண்டே பெற்றாலும் பிறப்புகளின் கூட்டுத்தொகை பெரிதாகவே இருக்கும். பௌதிகத்திலிருந்து இரவல் பெற்று இதனை ‘உந்தம்’ என்பர். ஓடும் வண்டி தடையிட்ட பின்னும் சிறிது தூரம் செல்வதை அறிந்த மாணவருக்கு இச்சொல் எளிதில் விளங்கும்.

மரணப் பதிவேட்டில் வயதுக் கட்டம் இருப்பது இக்காரணம் பற்றியே. நடைமுறையில் 60, 65, 70 என முழு எண்களே அதில் குவிகின்றன. வீட்டார் உத்தேசமாகச் சொல்வதை அப்படியே எழுதிவிடுவதன் விளைவு இது. இறந்தவரின் மூத்த பிள்ளைக்கு என்ன வயது, ஊரில் நினைவிலுள்ள பெருவெள்ளத்தின்போது அவருக்குத் திருமணம் ஆகியிருந்ததா என்று இரண்டொரு கேள்விகள் கேட்டால், உண்மைக்கு நெருங்கிய வயது பெரும்பாலும் கிடைத்துவிடும்.