இனிஷியலும் பதினாறு இடத்து எண்ணும்

டீ ஆறட்டும் தம்பி, நிதானமாகவே சொல்கிறேன். நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலைக் களிமண்ணில் கலந்து ஓடு சுட்டுப் பார்க்கிறீர்கள். இதே வேலையைக் கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, பீங்கான் ஆய்வு நிறுவனத்திலோ பிரேசிலிலோ ஒருவர் முன்பே செய்திருக்கலாம். விருத்தாசலத்தில் இருந்துகொண்டு அவரை எப்படிப் பிடிப்பது?

ரிசர்ச்கேட் என்றொரு தளம், 2008-இல் தொடங்கியது. ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளை அங்கே பட்டியலிடுவார்கள். முழுக் கட்டுரை இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்க ஒரு பொத்தான் இருக்கும். அவர் மனம் வைத்தால் வந்து சேரும். ஆனால் இதழ் அச்சிட்ட பக்கங்களை நீங்கள் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். எல்சேவியரும் அமெரிக்க வேதியியல் சங்கமும் இதற்காகவே 2017-இல் அந்தத் தளத்தின் மேல் வழக்குப் போட்டன; 2023-இல்தான் சமரசமானது. தளம் தரும் மதிப்பெண்களையும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆர்ஜி ஸ்கோர் என்று ஒன்று வைத்திருந்தார்கள், 2022-இல் அவர்களே எடுத்துவிட்டார்கள்.

நமக்குப் பெரிய சிக்கல் பெயர்தான். எஸ். குமார் என்றால் எஸ் அப்பா பெயர். வெளிநாட்டு இதழின் படிவமோ குடும்பப் பெயர் கேட்கும். ஒரு கட்டுரையில் 'குமார்' என்று கொடுப்போம், அடுத்ததில் இனிஷியலை விரித்து 'சண்முகம்' என்போம். கணினிக்கு இருவரும் வேறு வேறு ஆள். போதாததற்கு, மதுரையிலிருக்கும் இன்னொரு எஸ். குமாரின் கட்டுரைகள் உங்கள் கணக்கில் வந்து உட்காரும். இதற்குத்தான் ஆர்கிட். 2012 முதல் ஆய்வாளருக்கு இலவசமாக ஓர் எண் தருகிறார்கள். 16 இடம், சிலருக்குக் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து வரும். பெயரை எப்படி எழுதினாலும் எண் மாறாது. முதல் கட்டுரை அனுப்பும் முன்பே வாங்கிவிடுங்கள்.

இந்திய ஆய்வாளர்களைத் தேட, காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் நடத்தும் வித்வான் தரவுத்தளம் இருக்கிறது. துறைவாரியாகப் பெயர் கிடைக்கும்.

உங்களுடையது அரசுக் கல்லூரிதானே? அப்படியானால் யாரிடமும் கேட்கும் முன் நூலகரைப் பாருங்கள். 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் ஏறக்குறைய 13,000 இதழ்கள் இருக்கின்றன. தேடும் கட்டுரை அதிலேயே அகப்படலாம்.

கொல்கத்தாக்காரருக்கு எழுதும்போது 'தங்கள் ஆய்வில் ஆர்வம் உண்டு' என்று நீட்ட வேண்டாம். சாம்பல் எத்தனை சதவீதம், சூளையில் எத்தனை டிகிரி, சுட்டபின் எவ்வளவு சுருங்கியது என்று எழுதி, விரிசல் விட்ட ஓட்டின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஏன் விரிசல் விட்டது என்று மட்டும் கேளுங்கள்.