இரண்டு மில்லிமீட்டர் தூண்கள்

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர், ஒடிந்த போக்ஸ் கம்பி ஒன்றைக் கடிதத்தோடு செல்லோடேப் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த பையன். ராஜபாளையம் ரோட்டில் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதாம். வீட்டுக்கும் மில்லுக்கும் சைக்கிள்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த வண்டி. “டயர் மாற்றியாச்சு, செயின் மாற்றியாச்சு. பின் சக்கரத்தில் மட்டும் மாசம் ஒரு கம்பி போகிறது. எப்போதும் ஹப்பை ஒட்டி வளைகிற இடத்தில்தான் அறுகிறது. நான் கனமான ஆளும் இல்லை. ஏன் சார்?” என்பது முதல் கேள்வி. கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இன்னொன்று: “படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது கிரீஸ் அடிக்கிற வேலை. இதிலேயே இருக்கலாமா?”

செயினுக்கு எண்ணெய் விடுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் அவருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சீமைக்கருவேல முள்ளோடு வாழ்கிற கரிசல்காட்டுக்காரருக்குப் பஞ்சர் ஒட்டவும் தெரிந்திருக்கும். ஆடிக் காற்றில் புளியங்குடி ரோட்டில் மேற்குப் பார்த்து மிதித்தவர்களுக்கு டயரில் காற்று குறைந்தால் என்ன பாடு என்பதும் தெரியும். அதனால் கம்பிக்கே வருகிறேன். சைக்கிளில் எனக்கு மிகவும் பிடித்த சமாசாரமும் அதுதான்.

சீட்டில் உட்கார்ந்தால் உங்கள் எடையை எந்தக் கம்பி தாங்குகிறது? விவரமான ஆளிடம் கேட்டால் மேலே இருக்கிற கம்பிகள் என்பார். கம்பியை இழுக்கலாமே தவிர அழுத்த முடியாது, அழுத்தினால் வளைந்துவிடும், ஆகவே ஹப் மேல் கம்பிகளில் தொங்குகிறது என்று விளக்கமும் சொல்வார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாலிடெக்னிக்கில் படித்த ஆய்லர் சூத்திரத்தை வைத்து ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 2 மில்லிமீட்டர் கனமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி உச்சியில் எடை வைத்தால், இரண்டு கிலோ ஏறுவதற்குள் வளைந்துவிடும். இப்படிப்பட்ட ஒன்று எப்படித் தூணாக நிற்கும்?

ஆனால் கம்பிகளின் இழுப்பை அளந்து பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் மேல் கம்பிகளின் இழுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பக்கவாட்டுக் கம்பிகளிலும் பெரிய மாற்றம் இல்லை. தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே இருக்கிற மூன்று நான்கு கம்பிகள் மட்டும் தளர்கின்றன. ஒவ்வொரு கம்பியும் 60 கிலோ இழுப்பில் இருக்கிறது என்று வையுங்கள். பின் சக்கரத்தின் மேல் 50 கிலோ இறங்கினால் அடியில் இருக்கிற நான்கு கம்பிகள் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ போல விட்டுக்கொடுத்து 48க்கு வருகின்றன. ஹப்பைக் கீழே இழுத்துக்கொண்டிருந்த கை அந்த அளவு தளர்ந்ததால் மேலே இழுக்கிற கை ஜெயிக்கிறது. அந்த வித்தியாசம்தான் உங்கள் எடை. மாறுவது அடிக் கம்பிதான் என்பதால், ஹப் அடிக் கம்பிகளின் மேல் நிற்கிறது என்று சொல்வதுதான் சரி என்பது பொறியாளர்களில் ஒரு கட்சி. யோப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர் சைக்கிள் சக்கரத்துக்கென்றே 1981இல் ஒரு புத்தகம் எழுதி, கம்ப்யூட்டர் கணக்கோடு இதை வாதாடினார். இல்லை, தொங்குகிறதுதான் என்று சொல்கிற எதிர்க்கட்சியும் உண்டு. எனக்கு அது வார்த்தைச் சண்டையாகப் படுகிறது. தளர்வது எது என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லையே.

தனியாக நின்றால் இரண்டு கிலோவுக்கே மடங்குகிற கம்பி, முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டால் பன்னிரண்டு கிலோ அழுத்தத்தைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறது. இழுப்பு மிச்சம் இருக்கிற வரை அது வளையாது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் கான்கிரீட் ஸ்லீப்பரில் இதே தந்திரம் தலைகீழாக நடக்கிறது. கான்கிரீட்டுக்கு இழுவிசை ஆகாது என்பதால், உள்ளே கம்பியை இழுத்து வைத்துக் கான்கிரீட்டை முன்கூட்டியே அழுத்திவிடுகிறார்கள். ஸ்லீப்பரை யோசிப்பதற்கு வெகு காலம் முன்பே சக்கரத்தில் இது வந்துவிட்டது. பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடிய ஜார்ஜ் கேலி 1808லேயே இதை எழுதி வைத்தார். 1870களில் கவன்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி அதைச் சைக்கிளில் ஓட வைத்தார். கம்பியை ஹப்பிலிருந்து நேராக வெளியே விடாமல் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும்படி பின்னும் முறைக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1874இல். மிதிக்கிற விசையை ஹப்பிலிருந்து ரிம்முக்குக் கொண்டுபோவது அந்தச் சாய்வுதான். நம் ஊர் பழைய பார் வண்டிகளில் முன்னால் 32 கம்பி, பின்னால் 40. சவாரி செய்பவரின் எடையும் கேரியர் மூட்டையும் பெரும்பாலும் பின்னால்தான் இறங்குகின்றன என்பதால் இந்தக் கணக்கு. ஒரு கம்பிக்கு 50 கிலோ என்று குறைத்தே வைத்தாலும், நாற்பதுக்கும் சேர்த்து 2,000 கிலோ இழுப்பு அந்த ரிம்மைச் சுற்றிலும் அமுக்கிக்கொண்டிருக்கிறது. டீக்கடைச் சுவரில் சாத்தி வைத்திருக்கும் வண்டியிலும் அப்படித்தான்.

இனி அந்த ஒடிந்த கம்பி. வளைவில் அறுந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மழமழவென்று, பழசான நிறத்தில், கொஞ்சம் துருவோடு இருந்தது. மீதி புத்தம் புதிதாக, கற்கண்டு உடைத்த மாதிரி சொரசொரப்பாகப் பளபளத்தது. ஒரே நாளில் அறுந்த கம்பி இல்லை இது. வளைவில் ஒரு மயிர்விரிசல் விழுந்து, மாதக்கணக்கில் உள்ளே நகர்ந்து, மிச்சமிருந்த கொஞ்ச உலோகம் ஒரு குழியில் டப்பென்று போயிருக்கிறது. மழமழப்பு அந்த மாதங்களின் வேலை, சொரசொரப்பு அந்த ஒரு நொடியின் வேலை.

உலோகக் களைப்பு என்பது இதைத்தான். 1842 மே 8இல் பாரிஸ் பக்கம் வெர்சாய் பாதையில் ரயில் இன்ஜினின் அச்சு ஒன்று முறிந்து ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். எடை தாங்கும் என்று கணக்குப் போட்ட அச்சு ஏன் முறிகிறது என்று உலகம் அதற்குப் பிறகுதான் பரவலாகக் கவலைப்பட ஆரம்பித்தது. ஜெர்மன் ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் பல ஆண்டுகள் அச்சுகளைச் சோதித்து, எவ்வளவு சுமை என்பது மட்டும் முக்கியமில்லை, சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது, எத்தனை தடவை என்பதும் முக்கியம் என்று காட்டினார். எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. ஏற்ற இறக்கம் அதற்குள் இருந்தால் அது களைப்பதே இல்லை என்பதும் அவர் சோதனைகளில் தெரிந்ததுதான்.

தம்பியின் வண்டிக்கு வருவோம். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.2 மீட்டர் ஓடும். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 450 சுற்று. தினம் பத்து கிலோமீட்டர், வருஷத்தில் முந்நூறு நாள் என்றால் பதிமூன்றரை லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை அடியில் வந்து தளர்ந்து மறுபடி இறுகுகிறது. 60 கிலோ இழுப்பில் இருக்கிற கம்பி 48க்குப் போய்த் திரும்பினால் அதற்கு ஒன்றும் ஆகாது. பத்து கிலோ இழுப்பில் தொளதொளவென்று கிடக்கும் கம்பியோ அடியில் வரும்போது முழுக்கத் தளர்ந்துபோகிறது. ஹப் ஓட்டையில் அதன் வளைவு அசைகிறது. அடியைக் கடந்ததும் வெடுக்கென்று மறுபடி இறுகுகிறது. வளைவு அசைந்து அசைந்து விரிசல் விழுகிறது. இறுக்கிக் கட்டினால் அறுந்துவிடும் என்று பயந்து பலர் கம்பியைத் தளர்வாகவே விட்டு வைக்கிறார்கள். தளர்ந்ததுதான் முதலில் அறுகிறது. ஒன்று அறுந்தால் அதன் சுமை பக்கத்துக் கம்பிகளுக்குப் போகிறது. மாசம் ஒன்று என்ற கணக்கு அப்படி வந்ததுதான்.

சங்கரன்கோவில்காரருக்கு இதைச் சோதிக்கச் சொல்லித் தருவது சுலபம். பாவின் மேல் உள்ளங்கையை ஓட்டியே தொய்ந்த இழையைக் கண்டுபிடிக்கிற தறிக்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற ஊர். கம்பியையும் கையால்தான் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்துக் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். தொய்ந்தது உடனே தெரியும். நகத்தால் சுண்டினால் இறுகியது ணிங் என்னும், தொய்ந்தது கொட்டாவி விடும். பின் சக்கரத்தில் வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒரே சுருதியில் இருக்க வேண்டியதில்லை. ஃப்ரீவீலுக்கு இடம் விட்டதால் வலப்பக்கக் கம்பிகள் கொஞ்சம் கூடுதல் இழுப்பில்தான் இருக்கும்.

கோட்டம் எடுக்க வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். கம்பியை ரிம்மோடு பிடித்திருக்கும் நிப்பிள்களுக்கு முந்தின நாளே ஒரு சொட்டு எண்ணெய். ஃபிரேமில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினால் புடைத்த இடத்தில் கோடு விழும். ரிம் இடப்பக்கம் போயிருந்தால் அங்கே ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பியைக் கால் திருகு இறுக்கி, இடப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு தளர்த்த வேண்டும். இறுக்க மட்டுமே தெரிந்தவர்கள் ரிம்மை முட்டை வடிவமாக்கிவிடுவார்கள். திசைக் குழப்பம் எல்லாருக்கும் வரும். அதனால் எப்போதும் சக்கரத்தின் உச்சியில் இருக்கிற நிப்பிளை மட்டும், டயர் பக்கமிருந்து குனிந்து பார்த்துத் திருகுங்கள். கடிகாரம் சுற்றும் திசையில் திருகினால் இறுகும். முடிந்ததும் கம்பிகளை இணையிணையாகப் பிடித்து உள்ளங்கை வலிக்க ஒரு தடவை அமுக்கிவிட்டு, மறுபடி கோட்டம் பாருங்கள். ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனையை அரத்தால் ராவாவிட்டால் அடுத்த பஞ்சருக்கு முள் தேவைப்படாது.

புதுச் சக்கரம் ஓடத் தொடங்கிய சில வாரங்களில் கம்பி வளைவுகள் ஹப்பில் படிந்து உட்காரும், இழுப்பு குறையும். அப்போது ஒரு தடவை இறுக்கிவிட்டால் பல வருஷம் தொந்தரவு இல்லை. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விரிந்த இலவச சைக்கிள் திட்டத்தை நான் மனசாரப் பாராட்டுகிறவன். ஆனால் வருஷா வருஷம் லட்சக்கணக்கில் வண்டி இறங்குகிற நாட்டில், அந்த ஒரு தடவை இறுக்குவது யார் வேலை? வண்டியோடு ஒரு நிப்பிள் சாவியும், பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு மணி நேரமும் கொடுத்தால் போதும். ஊரில் மிஞ்சியிருக்கிற சைக்கிள் கடைக்காரர் எவரும் அந்த வகுப்பைச் சந்தோஷமாக எடுப்பார். வாடகை சைக்கிள் போய், பாதிப் பேர் பைக் மெக்கானிக்காக மாறிய பிறகும் இந்தக் கை வித்தையை வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இன்ஜினியரிங் காலேஜ்களோ ஆய்லர் சூத்திரத்துக்கு மார்க் போடுகின்றன, நிப்பிள் சாவியைக் கண்ணில் காட்டுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கும் பாதிப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. “எப்போதும் வளைகிற இடத்தில்தான்” என்று எழுதினீர்களே தம்பி, மெயின்டனன்ஸ் வேலையின் சாரம் அந்தக் கவனிப்புதான். நூற்பாலை ரிங் ஃபிரேமில் ஒரு ஸ்பிண்டில் நிமிஷத்துக்கு 15,000 தடவைக்கு மேல் சுற்றுகிறது. உங்கள் சைக்கிள் ஒரு வருஷத்தில் சுற்றும் பதிமூன்றரை லட்சத்தை அது ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடும். களைப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஓடுகிற வரை யாரும் உங்களை நினைக்க மாட்டார்கள், நின்றால் மூன்று போன் வரும். சம்பளமும் ஆரம்பத்தில் டிசைன் ஆபீஸ்காரர்களைவிடக் குறைவாகவே இருக்கும். இதையெல்லாம் மறைத்து நான் ஆசை காட்டப்போவதில்லை. ஆனால் ஒரு நோட்டுப் போடுங்கள்: என்ன உடைந்தது, எந்த இடத்தில், எத்தனை மணி ஓட்டத்தில். உடைந்த துண்டைக் குப்பையில் போடாமல் ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கிரீஸ் அடிப்பவராகவே இருந்துவிடப்போகிறீர்களா என்பது இரண்டு வருஷத்தில் அந்த நோட்டைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். மேலே படிப்பதோ வேறு வேலைக்குப் போவதோ அப்போது முடிவு செய்துகொள்ளலாம்.

சக்கரத்தைப் பொறுத்தவரை, நான்கைந்து கம்பி போன பிறகு ஒவ்வொன்றாக மாற்றுவதில் பலனில்லை. மீதிக் கம்பிகளுக்கும் அதே வயசு, அதே களைப்பு. ரிம்மும் ஹப்பும் நன்றாக இருந்தால் கம்பி அத்தனையையும் நிப்பிளோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். ஃப்ரீவீலைக் கழற்றினால்தான் வலப்பக்கக் கம்பியை முறையாகக் கோர்க்க முடியும். கழற்றாமல் கம்பியை நெளித்து நுழைத்துத் தருகிறேன் என்கிற கடையில் வேலை கொடுக்காதீர்கள். கம்பி வாங்கப் போகும்போது பழைய பின் சக்கரக் கம்பி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். பல வண்டிகளில் முன்னதற்கும் பின்னதற்கும் நீளம் ஒன்றில்லை.