கப்பல் பட்டறை ஊரில் பிறந்த இடிமுழக்கம்

2011 அக்டோபர் 30-ம் தேதி பெங்களூர் அரண்மனை மைதானத்தில் திரண்ட இளைஞர் கூட்டத்தை நகரத்தார் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் 'மெட்டாலிகா' குழு இங்கு வந்து பாடிய நாள் அது. காதைப் பிளக்கும் கிடார், இடி போன்ற டிரம், கர்ஜிக்கும் குரல் - இதுதான் 'ஹெவி மெட்டல்' இசை. அக்குழுவின் தொடக்க காலத்துக்கு உரமிட்டவற்றுள் ஒன்று, இன்று இல்லாமல் போன ஒரு சின்னஞ்சிறு இசைத்தட்டு நிறுவனம். அதன் பெயர் 'நீட் ரெக்கார்ட்ஸ்'.

சுவர் முடியும் ஊர்

இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரை அடுத்து டைன் ஆற்றின் வடகரையில் உள்ளது வால்செண்ட். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர் அங்கே முடிவதால் ஊருக்கு அந்தப் பெயர். நிலக்கரியும் கப்பல் கட்டும் தொழிலும்தான் ஊராருக்குச் சோறு போட்டன. 1906-ல் நீரில் இறக்கப்பட்ட 'மாரிடேனியா' என்னும் பெருங்கப்பல் அங்குள்ள ஸ்வான் ஹண்டர் பட்டறையில் உருவானதே. 1970-களில் அத்தொழில் நசிந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் 'இம்பல்ஸ்' என்ற ஒலிப்பதிவு நிலையத்தை நடத்தி வந்தவர் டேவிட் வுட். 1979-ல் அவர் தொடங்கியதே நீட் நிறுவனம். பெரிய நிறுவனங்களெல்லாம் லண்டனில் இருந்தன. வடக்கத்தி இளைஞர்களுக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்காது. வுட்டின் நிலையமோ உள்ளூரிலேயே இருந்தது. அதுவே நீட்டின் மூலதனம்.

முதல் சில தட்டுகள் மெட்டல் இசை அல்ல. 'டைகர்ஸ் ஆஃப் பான் டாங்' என்ற உள்ளூர்க் குழுவின் சிறு தட்டு வந்த பிறகே நிறுவனத்துக்குத் திசை பிறந்தது. ஆனால் 1980-லேயே எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனம் அக்குழுவைத் தன்பால் இழுத்துக்கொண்டது. வளர்ப்பது ஒருவர், அறுவடை செய்வது மற்றொருவர் என்ற கதை அன்றே தொடங்கிவிட்டது.

உதவியாளர் பாடகரானார்

இம்பல்ஸ் நிலையத்தில் உதவியாளராக வேலை பார்த்த கான்ராட் லாண்ட் என்ற இளைஞர், 'வெனம்' என்ற குழுவில் 'குரோனோஸ்' என்ற புனைபெயரில் பாடி வந்தார். 1981-ல் அக்குழுவின் 'வெல்கம் டு ஹெல்' தட்டு வெளியாயிற்று. ஒலிப்பதிவு கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனால் அந்த முரட்டுத்தனத்தையே ரசிகர்கள் விரும்பினார்கள்! மறு ஆண்டு வந்த தட்டின் பெயர் 'பிளாக் மெட்டல்'. பின்னாளில் நார்வே இளைஞர்கள் வளர்த்த ஓர் இசைப் பிரிவுக்கே அந்தத் தலைப்பு பெயராகிவிட்டது.

1983-ல் நீட்டின் மற்றொரு குழுவான 'ரேவன்' அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, அதற்கு முன்னால் பாடிய துணைக்குழு எது தெரியுமா? மெட்டாலிகாதான்! 1984-ல் அது முதன்முறையாக ஐரோப்பா சென்றபோது வெனத்துக்குத் துணைக்குழுவாயிற்று. அதே ஆண்டு, நீட் வெளியிட்ட 'பிளிட்ஸ்கிரீக்' குழுவின் பாடலொன்றையும் தன் குரலில் பதிவு செய்தது.

கைமாறிய சொத்து

மெட்டாலிகா வளர்ந்தது, நீட் தேய்ந்தது. ரேவனும் அட்லாண்டிக் என்ற பெரிய அமெரிக்க நிறுவனத்துக்குப் போய்விட்டது. நல்ல குழுக்களைப் பிடித்து வைக்கப் பணபலம் இல்லாத சிறு நிறுவனம் என்ன செய்யும்? 1990-களில் நீட் வுட்டின் கையை விட்டுப் போயிற்று. அதன் பாடல்கள் லண்டனின் சாங்சுவரி நிறுவனத்திடம் சேர்ந்தன. அந்த சாங்சுவரியை 2007-ல் யுனிவர்சல் வாங்கியது. 2013-ல் அது ஜெர்மனியின் பி.எம்.ஜி. வசம் சென்றது.

அதே 2007-ல்தான் ஸ்வான் ஹண்டர் பட்டறையின் ராட்சத கிரேன்களும் விலைபோயின. வாங்கியது நம் நாட்டின் பாரதி கப்பல் கட்டும் நிறுவனம். அவற்றைக் கழற்றி இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். வால்செண்ட் செய்த கப்பல்களும் அங்கில்லை. அவற்றைச் செய்த கருவிகளும் அங்கில்லை. அங்கே பதிவான பாடல்களின் உரிமையும் அங்கில்லை.

ஆனால் இசைக்கு ஒரு வசதி உண்டு. உரிமைப் பத்திரம் எத்தனை கை மாறினாலும், பிறந்த ஊரின் முரட்டுக் குரல் அதை விட்டுப் போவதில்லை. அரண்மனை மைதானத்தில் அன்று அதிர்ந்த இடியிலும் அந்தக் கப்பல் பட்டறை ஊரின் எதிரொலி கொஞ்சம் இருந்தது.