நகரத்துக் காற்றும் மரங்களும்

டில்லியில் ஐப்பசி முதல் தை வரை காலைப்பொழுதில் கவியும் மங்கலை மூடுபனி என்றே பலர் கருதுகின்றனர். அதில் பனியும் உண்டு. ஆயினும் வாகனம், அனல் மின் நிலையம், செங்கற்சூளை, வீட்டு அடுப்பு, அறுவடைக்குப்பின் வயலில் எரிக்கப்படும் நெற்தாள் ஆகியவற்றின் புகையும் தெருப்புழுதியும் அதிற் கலந்துள்ளன. கோடையில் நிலம் சூடேறிக் காற்று மேலெழும்போது இவை சிதறிவிடுகின்றன. குளிர்கால இரவிலோ தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகிறது; அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமைகிறது. புகை போக வழியின்றி, மக்கள் மூச்சுவிடும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது.

இவற்றுள் மிகவும் தீங்கானவை 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்கள். தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கேயுள்ள இவை நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. 2009-ஆம் ஆண்டு மத்திய அரசு வகுத்த வரம்பின்படி, இவற்றின் 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமை மிஞ்சலாகாது. 2015-ல் நடைமுறைக்கு வந்த காற்றுத் தரக் குறியீட்டெண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. நுண்துகள் 60 மைக்ரோகிராம் இருப்பின் குறியீட்டெண் 100. 120 இருப்பின் 300. அது பல மாசுகளின் சராசரியும் அன்று. அவற்றுள் மிக மோசமானது எதுவோ, அதன் எண்ணே அன்றைய எண்.

மரம் நட்டால் காற்று தூய்மையாகும் என்று வகுப்பிலும் கூட்டத்திலும் சொல்லிவருகிறோம். (அத்தகைய வாசகங்களை மொழிபெயர்த்துத் தருவோர்க்கும் இதிற் பங்குண்டு.) இது பாதி உண்மையே. சாலையோரத்து இலையொன்றையும் பூங்காவின் நடுவிலுள்ள இலையொன்றையும் வெள்ளைத் துணியால் துடைத்து மாணவர்க்குக் காட்டலாம். இலை தூசைப் பிடிப்பது விளங்கும். ஆனால் துணியிற் காண்பது பெரும்பாலும் பருந்தூசு. நுண்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நகரம் நாள்தோறும் கக்கும் புகையில் இலைகள் பிடிப்பது சிறு பங்கே. குளிர்காலத்தில் டில்லியில் மழையும் அரிது. ஆதலால் இலையிற் படிந்தது கழுவப்படாமல் மீண்டும் காற்றில் எழக்கூடும். உயர்ந்த கட்டடங்களுக்கு இடையேயுள்ள குறுகிய தெருவில் கிளைகள் கூரைபோல் கவிந்தால், புகை அடியில் தேங்கவும் கூடும். பெருஞ்சாலைக்கும் பள்ளி மைதானத்துக்கும் இடையே தரைவரை இலையடர்ந்த உயிர்வேலியோ நற்பயன் தருவது. வெற்று நிலத்தில் புல் வளர்த்தாலே புழுதி குறையும். எளிய காரியமாகையால் இதைப்பற்றி எவரும் பேசுவதில்லை.

ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியான டில்லி முகட்டுக்காட்டைக் காப்புக்காடாக்கும் அறிவிக்கை 1994-ல் வெளியாயிற்று. சுமார் 7,777 ஹெக்டேர் பரப்புள்ள அக்காடு மண்ணைப் பிணைக்கிறது, உஷ்ணத்தைத் தணிக்கிறது. இவ்வளவு காடு நகரினுள்ளே இருந்தும் குளிர்காலத்தில் மக்கள் இருமுகின்றனர். புகையை அது பிறக்கும் இடத்திலேயே குறைக்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

களப்பணியாளர் உடனே கவனிக்கத்தக்கது சருகு. வேம்பும் அரசும் அங்கே பெரும்பாலும் மாசி, பங்குனியில் இலையுதிர்க்கின்றன. அவற்றைக் குவித்துத் தீயிட்டால், மரம் பிடித்துவைத்த தூசு புதிய புகையுடன் காற்றுக்கே திரும்புகிறது. திறந்தவெளியில் இலையும் குப்பையும் எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் என 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, சருகை அடுக்கி, அடுக்குதோறும் சிறிது மண்ணிட்டுச் சாணக்கரைசல் தெளித்து, ஈரம் காயாமற் பார்த்து, மாதம் ஒருமுறை புரட்டி வந்தால், மழைக்காலத்தில் நடும் கன்றுகளுக்கு எரு கிடைக்கும்.