மூக்கிலேயே நிற்கும் காவல்

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "கொரோனாவில் தாத்தா பாட்டிதான் அதிகம் பாதிக்கப்பட்டாங்க. எங்களில் நிறையப் பேருக்குச் சளி, காய்ச்சலோடு சரியாயிடுச்சே, ஏன்?"

விடை மூக்கில் தொடங்குகிறது. மூக்கின் உட்படலச் செல்களில் வைரஸைக் கண்டறியும் உணரிகள் உள்ளன. சிறுவர்களிடம் இவை தொற்றுக்கு முன்பே விழிப்பாக இருப்பதை 2021இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வைரஸ் நுழைந்ததும் இச்செல்கள் இன்டர்ஃபெரான் என்னும் புரதத்தை விரைந்து சுரக்கும். அது பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். வைரஸ் பெருகுவது தடைபடும். பெரியவர்களிடம் இந்த எச்சரிக்கை தாமதமாவதால், வைரஸ் பெருக அவகாசம் கிடைக்கிறது.

ஆனால், "குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்று நாம் சொல்லிவிடக் கூடாது. மிகச் சிலருக்குத் தொற்று ஏற்பட்ட 2 முதல் 6 வாரங்களில், எதிர்ப்பாற்றலே அளவுமீறி இதயம், குடல் போன்ற உறுப்புகளில் அழற்சியை உண்டாக்கும். லேசான தொற்றுக்குப் பின்னும் இது வரலாம். விடாத காய்ச்சலுடன் கண் சிவப்பு, தோல் தடிப்பு, வயிற்றுவலி, வாந்தி காணப்பட்டால் பெற்றோரை அழைத்து, அன்றே மருத்துவமனைக்கு அனுப்புவோம். உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமடைவர். தினமும் அவர்களின் முகம் பார்க்கும் நம் கண்ணுக்கே மாற்றம் முதலில் தெரியக்கூடும்.