சி மொழியில் செயற்கூறுகளுக்குத் தரவுகளை அனுப்புதல்

சி நிரல்மொழியில் ஒரு செயற்கூறை அழைக்கும்போது அதற்குத் தேவையான மதிப்புகளை அடைப்புக்குறிக்குள் கொடுப்பது தரவுகளை அனுப்புதல் எனப்படும். அழைக்கும் இடத்தில் கொடுக்கப்படும் மதிப்பு செயலுருபு ஆகும். அதைப் பெற்றுக்கொள்ளச் செயற்கூறில் அறிவிக்கப்படும் மாறி அளபுரு ஆகும். முழு எண், மிதப்புப்புள்ளி எண், குறியுரு, அணி, சரம், கட்டுரு, சுட்டு எனப் பல வகைத் தரவுகளை இவ்வாறு அனுப்பலாம். இவை அனைத்துக்கும் விதி ஒன்றே: செயற்கூறுக்குச் செல்வது எப்போதும் மதிப்பின் நகல். ஆனால் எது நகலெடுக்கப்படுகிறது என்பது தரவு வகையைப் பொறுத்தது.

எண்களும் குறியுருக்களும்

ஒரு முழு எண் மாறியில் 40 இருப்பதாகக் கொள்வோம். அதைப் பெறும் செயற்கூறு தன் அளபுருவில் 5 கூட்டினால் அளபுரு 45 ஆகும். அழைத்த இடத்திலுள்ள மாறி 40 ஆகவே இருக்கும். இரண்டும் நினைவகத்தில் வெவ்வேறு இடங்கள். மிதப்புப்புள்ளி எண்களுக்கும் குறியுருக்களுக்கும் இதே நிலைதான்.

அனுப்பும் வகையும் பெறும் வகையும் வேறுபட்டால், முன்வடிவம் எனப்படும் செயற்கூறு அறிவிப்பைப் பார்த்துக் கம்பைலர் மதிப்பை மாற்றித் தரும். முழு எண் அளபுருவுக்கு 7.9 அனுப்பினால் தசமப் பகுதி நீங்கி 7 கிடைக்கும், எண் முழுமையாக்கப்படுவதில்லை. குறியற்ற 8 பிட் அளபுருவுக்கு 300 அனுப்பினால் 256 கழிந்து 44 கிடைக்கும்.

முன்வடிவம் சி மொழியில் தொடக்கம் முதலே இருந்ததன்று. கெர்னிகனும் ரிட்சியும் எழுதி 1978இல் வெளிவந்த நூல் விவரித்த சி மொழியில், செயலுருபுகளின் வகையைக் கம்பைலர் ஒப்பிட்டுப் பார்க்காது. வர்க்கமூலம் காணும் செயற்கூறு இரட்டைத் துல்லிய எண்ணை எதிர்பார்க்கும். அதற்கு முழு எண் 2ஐ அனுப்பினால் எந்த மாற்றமும் நிகழாமல் தவறான விடை வரும். 1989ஆம் ஆண்டுத் தரம் முன்வடிவங்களைச் சேர்த்த பின், அதே 2 தானாகவே 2.0 ஆக மாறிச் செல்கிறது.

எண்ணிக்கை வரையறுக்கப்படாத செயலுருபுகள்

'பிரிண்ட்எஃப்' போன்ற செயற்கூறுகள் எத்தனை மதிப்புகளை வேண்டுமானாலும் ஏற்கும். ஆகவே அந்த மதிப்புகளின் வகை முன்வடிவத்தில் இருப்பதில்லை. அங்கு 'சார்', 'ஷார்ட்' வகைகள் 'இன்ட்' ஆகவும், 'ஃப்ளோட்' வகை 'டபுள்' ஆகவும் உயர்த்தி அனுப்பப்படும். எனவே 'ஃப்ளோட்', 'டபுள்' இரண்டையும் அச்சிட ஒரே வடிவக் குறியீடு போதும். ஆனால் உள்ளீடு பெறும் 'ஸ்கேன்எஃப்' மாறியின் முகவரியைப் பெறுகிறது. அந்த முகவரியில் 4 பைட்டு எழுதுவதா, 8 பைட்டு எழுதுவதா என்பது அதற்குத் தெரிய வேண்டும். ஆகவே அங்கு இரண்டு வகைகளுக்கும் தனித்தனிக் குறியீடு தேவைப்படுகிறது.

அணிகளும் சரங்களும்

அணியின் பெயரைச் செயலுருபாகக் கொடுத்தால் உறுப்புகள் நகலெடுக்கப்படுவதில்லை. முதல் உறுப்பின் முகவரி மட்டுமே செல்கிறது. எனவே செயற்கூறு செய்யும் மாற்றங்கள் மூல அணியிலேயே நிகழும். அணியின் நீளம் உடன் செல்வதில்லை. 4 பைட்டு முழு எண்கள் 10 கொண்ட அணியின் அளவை, அது அறிவிக்கப்பட்ட இடத்தில் 'சைஸ்ஆஃப்' 40 என்று காட்டும். செயற்கூறுக்குள் அதே கேள்விக்கு 64 பிட் கணினிகளில் பொதுவாக 8 என்ற விடை வரும். அது முகவரியின் அளவு. அளபுருவின் சதுர அடைப்புக்குள் 10 என்று எழுதினாலும் இது மாறாது. இதனால் நீளத்தைத் தனிச் செயலுருபாக அனுப்புவது வழக்கம். இருபரிமாண அணியில் ஒவ்வொரு வரிசையும் எங்கே தொடங்குகிறது என்று கணக்கிட, நெடுவரிசைகளின் எண்ணிக்கையை அளபுருவில் குறிப்பிட வேண்டும்.

சரம் என்பது சுழியக் குறியுருவில் முடியும் குறியுரு அணி. அது எங்கே முடிகிறது என்பதை அந்தச் சுழியம் காட்டும். ஆனால் அணியில் மொத்தம் எவ்வளவு இடம் உள்ளது என்பதைக் காட்டாது. ஒரு வரியை உள்ளீடாகப் பெறும் 'கெட்ஸ்' செயற்கூறுக்கு அணியின் முகவரி மட்டுமே கொடுக்கப்பட்டது. 1988 நவம்பர் 2 அன்று பரவத் தொடங்கிய மோரிஸ் புழு இக்குறையைப் பயன்படுத்தியது. 'ஃபிங்கர்' சேவை நிரல் 'கெட்ஸ்' மூலம் நிரப்பிய 512 பைட்டு அணிக்கு அது அதைவிட நீளமான தரவை அனுப்பியது. எல்லை தாண்டி எழுதப்பட்ட பைட்டுகள் செயற்கூறு திரும்ப வேண்டிய முகவரியை மாற்றி, புழுவின் கட்டளைகளை இயக்கின. 2011ஆம் ஆண்டுத் தரத்தில் 'கெட்ஸ்' நீக்கப்பட்டது. அணியின் அளவையும் செயலுருபாகப் பெறும் 'எஃப்கெட்ஸ்' இன்று அதற்கு மாற்றாகப் பயன்படுகிறது.

கட்டுருக்கள்

கட்டுரு மாறியை அனுப்பினால் அதன் உறுப்புகள் அனைத்தும் நகலெடுக்கப்படும். கட்டுருவுக்குள் அணி இருந்தால் அதுவும் முழுமையாக நகலாகும். 4 பைட்டு எண்கள் 1000 கொண்ட அணி உள்ளே இருந்தால், பொதுவாக ஒவ்வோர் அழைப்பிலும் 4000 பைட்டு நகல் தேவைப்படும். பெரிய கட்டுருக்களுக்கு முகவரியை அனுப்புவதே சிக்கனம்.

சுட்டுகள்

அழைத்த இடத்திலுள்ள மாறியையே மாற்ற வேண்டுமானால் & குறியால் அதன் முகவரியை எடுத்து அனுப்ப வேண்டும். செயற்கூறு * குறியைக் கொண்டு அந்த இடத்தை அணுகும். இரு மாறிகளின் மதிப்புகளை இடமாற்றும் செயற்கூறு இவ்வாறே எழுதப்படுகிறது. இங்கும் முகவரியின் நகலே செல்கிறது. அளபுருவில் வேறு முகவரியை இட்டால் அழைத்த இடத்திலுள்ள சுட்டு மாறாது. தரவைப் படிக்க மட்டுமே முகவரி அனுப்பப்பட்டால், சுட்டப்படும் வகையுடன் 'கான்ஸ்ட்' சேர்க்கப்படும். அதன் பிறகு அந்தச் சுட்டின் வழியாகத் தரவை மாற்ற முயலும் கூற்றைக் கம்பைலர் பிழையாகக் காட்டும்.